கல் ஒண்ணு... விலை நாலு!

கோவை கிரைண்டருக்குக் கொடுக்கும் காசு எங்கே போகிறது?

ஆடித் தள்ளுபடி நாட்களில் காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டில் எந்தப் பாத்திரக் கடைக்குள் நுழைந்தாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். ஒரு சுவர் முழுக்க டேபிள் டாப் கிரைண்டர்கள். வெள்ளை, மெரூன், ஊதா, கறுப்பு என்று நிறம் நிறமாக. எல்லாவற்றின் மீதும் அச்சிட்ட விலையை அடித்துவிட்டு மார்க்கர் பேனாவில் இன்னொரு விலை எழுதியிருக்கும். ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கும் வீட்டிலிருந்து சீர் சாமான் பார்க்க அம்மாவும் மகளும் வந்திருப்பார்கள். "ஏனுங்க தம்பி, இதும் ரெண்டு லிட்டரு, அதும் ரெண்டு லிட்டரு. விலையில மட்டும் எதுக்குங்க இத்தனை வித்தியாசம்?" என்று அம்மா கேட்பார். "அதுல டைமர் இருக்குதுங்க்கா, கலரும் புதுசுங்க, கூடவே தேங்காய் துருவி, சப்பாத்தி மாவு பிசையறதெல்லாம் வருதுங்க. இது பேசிக் மாடலுங்க" என்பார் விற்பனைப் பையன். "செரி, அரைக்கிறதுல?" என்பார் அம்மா. "அரைக்கிறதெல்லாம் ஒண்ணுதானுங்க்கா."

அந்தக் கடைசிப் பதில் உண்மையென்றால் ஒரு கேள்வி எழுகிறது. அரைக்கத்தானே கிரைண்டர் வாங்குகிறோம்? அரைப்பதில் வித்தியாசம் இல்லையென்றால் மூவாயிரத்துச் சொச்சத்தில் தொடங்கிப் பத்தாயிரத்தைத் தொடும் இந்த விலை ஏணியில் ஒவ்வொரு படிக்கும் நாம் எதை வாங்குகிறோம்? அந்தப் பதில் உண்மையில்லை, அரைப்பதிலும் உழைப்பதிலும் வித்தியாசம் உண்டு என்றால், அதைக் கடைக்காரரும் சொல்லவில்லை, அட்டைப் பெட்டியும் சொல்லவில்லை என்று ஆகிறது. இரண்டில் எது சரி? நிலவரம் இரண்டாவதுக்கே நெருக்கமாக இருக்கிறது. மாடல்களுக்கிடையே வித்தியாசம் நிஜமாகவே உண்டு. ஆனால் அது நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் வித்தியாசங்களில் பாதி, மாவோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவை. ரகம் பிரித்து விற்பதில் தவறில்லை. எதை வைத்துப் பிரிக்கிறார்கள் என்பதை மறைப்பதுதான் தவறு. அந்த மறைப்பால் முதலில் நஷ்டப்படுவது கோவையின் சிறு பட்டறைகளும், மாவு அரைத்துப் பிழைக்கும் குடும்பங்களும்தான்.

ஆட்டுக்கல்லில் இருந்து அடுக்கு மாடல் வரை

1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபோது கோவையில் மில்கள் பெருகின. மில்லுக்கு மோட்டார் வேண்டும், தோட்டத்துக் கிணற்றுக்கு பம்ப் வேண்டும் என்று வார்ப்பட ஆலைகளும் லேத் பட்டறைகளும் தோன்றின. 1937-ல் ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இங்கேயே மின் மோட்டார் செய்து காட்டினார்கள். மோட்டாரும் வார்ப்பும் கைக்குள் இருக்கும் ஊரில், வீட்டுப் பெண்கள் விடியற்காலையில் ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து தோள் வலிக்க ஆட்டுவதற்கு ஒரு மாற்று பிறந்தது இயல்புதான். 1955-ல் பி.சபாபதி கோவையில் முதல் வெட் கிரைண்டரைச் செய்தார். குழவி நிற்க, கல்லுரல் சுற்றியது. ஆட்டுக்கல்லின் வேலையை அப்படியே தலைகீழாக்கிய யோசனை அது. பிறகு பாத்திரத்தைச் சாய்த்து மாவை வழிக்கும் டில்டிங் ரகம் வந்தது. அதன்பின், மேடை மேல் வைக்கும் டேபிள் டாப் வடிவத்தை எல்ஜி அல்ட்ரா போன்ற நிறுவனங்கள் வீடு வீடாகக் கொண்டு சேர்த்தன. இன்று கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு வட்டாரங்களில் கிரைண்டரை முழுதாகச் செய்பவர்களைவிட, அதன் ஒரு பாகத்தை மட்டும் செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க் பட்டறைகளே அதிகம். ஒருவர் டிரம் இழுப்பார், ஒருவர் ஷாஃப்ட் கடைவார், ஒருவர் மோட்டாருக்குக் காயில் சுற்றுவார், இன்னொருவர் கல்லைக் கொத்துவார்.

▣ பெட்டிச் செய்தி: பெயருக்கு ஒரு முத்திரை
'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' என்ற பெயருக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரை மல்லிக்கும் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் பிற்பாடு கிடைத்த அதே சட்டப் பாதுகாப்புதான் இது. கிரைண்டரின் தனித்தன்மைக்குக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்படுவது, வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளி வட்டாரத்துக் கருங்கல். புவிசார் குறியீட்டுச் சட்டம் 1999-ல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற பயனாளராகப் பதிந்தவரே அந்தப் பெயரையும் குறியீட்டையும் பொருளின் மீது போடலாம்.

சிகாகோ பாடம்

ஒரே இயந்திரத்தை மூன்று நான்கு விலையில் விற்பது கோவையின் கண்டுபிடிப்பல்ல. அமெரிக்காவின் சிகாகோ அருகே ஸ்டெர்ன் பின்பால் என்ற நிறுவனம் இருக்கிறது. சரிந்த மேசையில் எஃகு உருண்டையைத் துடுப்பால் தட்டி விளையாடும் இயந்திரங்களைச் செய்கிறது. ஒரு புது விளையாட்டு வந்தால் அதை ப்ரோ, பிரீமியம், லிமிடெட் எடிஷன் என்று மூன்று ரகமாக வெளியிடும். ப்ரோ, கடைகளிலும் விடுதிகளிலும் காசு போட்டு ஆட வைப்பவர்களை மனதில் வைத்துச் செய்வது. பிரீமியத்தில் உள்ளே கூடுதல் விசைகளும் பொறிகளும் இருக்கும், ஆட்டமே மாறும். லிமிடெட் எடிஷன் என்பது எண்ணிக்கையை வரையறுத்து, எண் பொறித்து, சேகரிப்பாளர்களுக்கு விற்பது. பிரீமியத்துக்கும் அதற்கும் ஆட்டத்தில் பெரிய வேறுபாடு இருக்காது. அலங்காரத்துக்கும் அபூர்வத்துக்கும்தான் அந்த விலை. அங்கேயும் வாங்குபவர்கள் விலையைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். ஆனாலும் எந்த ரகத்தில் எந்தப் பொறி இருக்கிறது, எது இல்லை என்ற ஒப்பீட்டுப் பட்டியலை நிறுவனமே வெளியிடுகிறது. அதிகப் பணம் கொடுப்பவர், தான் அலங்காரத்துக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுக்கிறார்.

பொழுதுபோக்கு இயந்திரத்துக்கே இருக்கும் அந்த வெளிப்படைத்தன்மை, தினமும் சோறு போடும் சமையலறை இயந்திரத்துக்கு இல்லை. கோவைக் கடையில் அடுக்கியிருக்கும் கிரைண்டர் பெட்டிகளைப் புரட்டிப் பார்த்தால் வாட், வோல்ட், லிட்டர், வாரன்டி ஆகியவை கிடைக்கும். காயில் செம்பா அலுமினியமா, டிரம் எந்தத் தர எஃகு, கல் எங்கே வெட்டியது, தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓடலாம், உதிரி பாகம் எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும் என்பவற்றைப் பெரும்பாலும் தேடித்தான் பார்க்க வேண்டும். ப்ளஸ், கோல்டு, டீலக்ஸ் என்ற பின்னொட்டுகள் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும்.

இலவசம் வந்தபின் ஏறிய படிகள்

இந்த விலை ஏணி இவ்வளவு உயரமானதற்கு ஒரு வரலாறு உண்டு. 2011 தேர்தலில் வென்ற ஜெயலலிதா அரசு, அந்த ஆண்டு செப்டம்பர் 15-ம் தேதி, அண்ணா பிறந்த நாளன்று, விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. குடும்ப அட்டை வைத்திருக்கும் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இலக்கு. ஏழை வீட்டுப் பெண்களின் உழைப்பைக் குறைத்ததில் அந்தத் திட்டத்துக்கு இருக்கும் இடம் பெரியது. அதைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் தொழிலின் பக்கம் நின்று பார்த்தால், ஒரு குடும்பம் தன் வாழ்நாளில் வாங்கும் முதல் கிரைண்டர் சந்தையிலிருந்து ஒரேயடியாக வெளியேறியது. அரசு டெண்டரில் நுழைய முடிந்த பெரிய கம்பெனிகளுக்கு அது ஆர்டர். நுழைய முடியாத சிறு பட்டறைக்கு, தன் வழக்கமான வாடிக்கையாளர் இல்லாமல் போன கதை.

முதல் கிரைண்டரை அரசு கொடுத்துவிட்டால், கடையில் விற்க மிச்சமிருப்பது இரண்டாவது கிரைண்டர். இரண்டாவது வாங்குபவரிடம் 'அரைக்கும்' என்று சொல்லி விற்க முடியாது, அவர் வீட்டில் ஏற்கெனவே ஒன்று அரைத்துக்கொண்டிருக்கிறது. எனவே நிறம், டைமர், கண்ணாடி மூடி, துருவி, பிசையும் கை என்று காட்டுவதற்கு ஏதாவது வேண்டியிருந்தது. மேல் படிகள் இப்படித்தான் வந்தன என்பது என் கணிப்பு. கீழ்ப் படியில் என்ன நடந்தது என்பதுதான் இன்னும் கவலைக்குரியது. அங்கே விலையை ஏற்ற வழியில்லை. செலவைக் குறைக்க மட்டுமே வழி இருந்தது.

பிளேடால் சுரண்டினால் தெரியும்

மோட்டார் ரீவைண்டிங் கடையில் எரிந்துபோன கிரைண்டர் மோட்டாரைப் பிரித்து வைத்திருக்கும்போது பார்த்தால் விலை ஏணியின் ரகசியம் பாதி விளங்கிவிடும். மோட்டாரின் சுற்றாத பாகமான ஸ்டேட்டரின் பள்ளங்களுக்குள் கருகிய வார்னிஷ் வாசத்தோடு காயில் சுருண்டு கிடக்கும். மேலே பூசிய இனாமலின் நிறத்தை மட்டும் பார்த்தால் எல்லாம் செம்பு போலத்தான் தெரியும். மெக்கானிக் பிளேடை எடுத்து ஒரு கம்பியைச் சுரண்டுவார். சிவந்து மின்னினால் செம்பு, வெள்ளையாகப் பளபளத்தால் அலுமினியம். அவ்வளவுதான் சோதனை. வாங்கும்போது இந்தச் சோதனையை யாரும் செய்ய முடியாது. அதைப் பெட்டி மேல் எழுதினால்தான் உண்டு.

அலுமினியம் என்றாலே மோசடி என்று சொல்வது நியாயமாகாது. அதன் மின்கடத்தும் திறன் செம்பில் ஏறக்குறைய 60 சதவிகிதம். தடிமனான கம்பி போட்டு, அதற்கேற்ற பெரிய ஸ்டேட்டரோடு, இணைப்புகளை ஒழுங்காகச் செய்தால் அலுமினிய மோட்டாரும் ஓடும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், செம்புக்காக வடிவமைத்த அதே அளவுக் கூட்டில் அலுமினியத்தைச் சுற்றும்போது. மோட்டார் சூடாகும். உளுந்து கெட்டியாகத் திரளும் நேரத்தில் திணறும். ஒருமுறை எரிந்தால் பல கடைகள் அலுமினியத்தை மறுபடி சுற்றித் தர யோசிக்கும், புது மோட்டார் போடச் சொல்லும். வாங்கும்போது மிச்சம் பிடித்தது இரண்டாம் மோட்டாரில் போய்விடும்.

கல்லும் அப்படித்தான். மிக்ஸியின் பிளேடு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுற்றி அரிசியை வெட்டுகிறது, மாவைச் சூடாக்குகிறது. கிரைண்டர் கல் மெதுவாகச் சுற்றி நசுக்குகிறது. உளுந்து காற்றை வாங்கிப் பொங்கி எழுவதும், மறுநாள் இட்லி மல்லிகை போல் வருவதும் இந்த நிதானத்தால்தான். கல்லின் அடர்த்தி, அதைக் கொத்திய நேர்த்தி, கல்லுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளி ஆகியவைதான் மாவைத் தீர்மானிக்கின்றன. கல்லின் துளைக்குள் இருக்கும் புஷ் தேய்ந்தால் கல் தள்ளாடும், சத்தம் போடும், அரைக்கும் நேரம் நீளும். ஒரு சிறிய பாகம்தான். அது கிடைக்காமல்தான் எத்தனையோ கிரைண்டர்கள் பரணுக்குப் போகின்றன. இவற்றில் எதுவும் டைமரைப் போல் கடையில் கைகாட்டி விளக்கக்கூடியதல்ல. அதனாலேயே இவை விலைப்பட்டியலில் வருவதில்லை.

டில்டிங் வசதியை மட்டும் அலங்காரக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மாவு நிரம்பிய டிரம்மைத் தூக்குவது முதுகு வலியுள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பெரிய பாடு. சாய்த்து வழிக்கும் அமைப்புக்குக் கூடுதல் விலை கேட்பது முழுக்க நியாயம். உழைப்பைக் குறைக்கும் எதற்கும் விலை கேட்கலாம். நிறத்துக்கும் கேட்கலாம். அது நிறத்துக்குத்தான் என்று சொல்லிவிட்டுக் கேட்கலாம்.

வரி ஆடிய ஊஞ்சல்

விலை ஏணியைப் பற்றிப் பேசும்போது ஜி.எஸ்.டி-யை விட்டுவிட முடியாது. ஐந்தே ஆண்டுகளில் நான்கு விகிதங்களைப் பார்த்த வீட்டுப் பொருள்கள் அதிகம் இருக்காது.

▣ பெட்டிச் செய்தி: 4,000 ரூபாய் கிரைண்டர் பட்ட பாடு
(வரிக்கு முந்தைய விலை 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்)
2017 ஜூலை: 28 சதவிகிதம். வாங்குபவர் கொடுப்பது 5,120 ரூபாய்.
2017 நவம்பர்: கல் கிரைண்டருக்கு 12 சதவிகிதம். 4,480 ரூபாய்.
2019 செப்டம்பர் ஜி.எஸ்.டி. கவுன்சில் முடிவு: 5 சதவிகிதம். 4,200 ரூபாய்.
2022 ஜூலை 18: 18 சதவிகிதம். 4,720 ரூபாய்.

5-ல் இருந்து 18-க்கு ஒரே தாவலில் போனபோது அடிப்படை ரகக் கிரைண்டரின் விலையில் 500 ரூபாய்க்கு மேல் ஏறியது. பத்தாயிரம் ரூபாய் ரகத்தை வாங்குபவர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிடுவார். நாலாயிரம்தான் இருக்கிறது என்று வருபவருக்கு அந்த 500 ரூபாய் ஒரு கதவைச் சாத்துகிறது. அந்தக் கதவைத் திறந்து வைக்க வேண்டுமென்றால் தயாரிப்பாளர் தன் செலவில் 500 ரூபாயைக் குறைத்தாக வேண்டும். கல்லில் குறைப்பாரா, காயிலில் குறைப்பாரா, டிரம்மின் தகட்டுத் தடிமனில் குறைப்பாரா என்பது அவரவர் மனசாட்சி. எதில் குறைத்தாலும் வெளியே தெரியப்போவதில்லை என்பதுதான் ஆபத்து. பக்கத்துப் பட்டறைக்காரர் குறைத்து விற்கும்போது, குறைக்காதவர் அதே விலைக்கு விற்க முடியாது. அவர் செம்பு போட்டிருக்கிறார் என்பதைச் சொல்லப் பெட்டியில் இடமில்லை, வாங்குபவருக்குக் கேட்கத் தெரியவில்லை. நேர்மையான பட்டறை தோற்பது இப்படித்தான்.

சிறு பட்டறைக்கு இன்னொரு சுவரும் உண்டு. ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடி ரூபாய்க்குள் இருந்தால் ஜி.எஸ்.டி-யின் காம்போசிஷன் முறையில் 1 சதவிகித வரி கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஆனால் வெளி மாநிலத்துக்கு விற்க முடியாது. பாலக்காடு கோவையிலிருந்து ஒரு மணிப் பயணம். அங்கே ஒரு கிரைண்டர் அனுப்ப வேண்டுமென்றால் முழு ஜி.எஸ்.டி. கணக்குக்குள் வந்தாக வேண்டும். ஆகவே பேர்பெற்ற பிராண்டுகள் மேல் படிகளோடு கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் போகின்றன. சிறு பட்டறை உள்ளூரின் அடிப்படி விலையிலேயே முட்டி மோதிக்கொண்டிருக்கிறது.

மாவுக்கடை அக்காவின் கணக்கு

இந்த மறைப்பின் கூர்மையான விளைவு தெரியும் இடம் தெருமுனை மாவுக்கடை. கொங்கு நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் 'இங்கு இட்லி, தோசை மாவு கிடைக்கும்' என்ற அட்டை ஒரு வீட்டு வாசலில் தொங்கும். பெரும்பாலும் பெண்கள் வீட்டிலிருந்தே நடத்தும் தொழில். தொடங்கும்போது கையில் இருப்பது வீட்டு டேபிள் டாப் அல்லது சற்றுப் பெரிய மாடல். ஒரு நாளைக்கு ஒரு படி, இரண்டு படி அரிசி என்று தொடங்கி, வாடிக்கை பெருகியதும் ஒரே இயந்திரத்தை விடியற்காலையிலிருந்து மாறி மாறி ஓட்டுவார்கள். வீட்டு மோட்டார் அப்படி ஓடச் செய்யப்பட்டதல்ல. எவ்வளவு நேரம் ஓடலாம், எவ்வளவு நேரம் ஆற வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கு பெட்டியில் தெளிவாக இருந்தால் மாவுக்கடை அக்கா கொஞ்சம் கடன் வாங்கியாவது தொழில்முறை டில்டிங் கிரைண்டருக்குப் போயிருப்பார். இல்லாததால் வீட்டு ரகத்திலேயே மேல் படிக்குப் போகிறார். அதிக விலை என்றால் அதிக உழைப்பு என்று நம்புகிறார். அவர் கொடுத்த கூடுதல் காசு துருவிக்கும் நிறத்துக்கும் போயிருக்கிறது, மோட்டார் கீழ் ரகத்தில் இருந்த அதே மோட்டாராக இருக்கக்கூடும். ஆறு மாதத்தில் காயில் போனால் வாரன்டிக்குப் போகிறார். வணிகப் பயன்பாட்டுக்கு வாரன்டி இல்லை என்ற பதில் கிடைக்கிறது. அந்த வரி மட்டும் வாரன்டி அட்டையில் பொடி எழுத்தில் தவறாமல் இருக்கும்.

இங்கே இழப்பது ஒரு கிரைண்டர் மட்டுமல்ல. மோட்டார் ரீவைண்டிங்கில் கிடக்கும் மூன்று நாளில் வாடிக்கையாளர் பாக்கெட் மாவுக்குப் போய்விடுவார். போனவர் திரும்புவது கஷ்டம். சரியான ரகத்தைத் தேர்ந்தெடுக்க வழிகாட்டாத ஒரு விலைப்பட்டியல், ஒரு குடும்பத்தின் வருமானத்தை இப்படித்தான் தொடுகிறது.

சாக்லேட் காட்டிய நேர்வழி

ரகம் பிரிப்பதை நேர்மையாகவும் செய்யலாம் என்பதற்கு நம் கிரைண்டரே சாட்சி. 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜான் நான்சி என்பவர், வீட்டிலேயே கொக்கோ கொட்டையிலிருந்து சாக்லேட் செய்வதற்குச் சின்ன அளவு இயந்திரம் தேடினார். தொழிற்சாலை இயந்திரங்கள் வீட்டுக்கு ஒவ்வாத அளவில் இருந்தன. கடைசியில் அவர் கண்டுகொண்டது தென்னிந்திய வெட் கிரைண்டர். உளுந்து அரைக்கும் கல் கொக்கோவையும் மழமழவென்று அரைத்தது. உலகம் முழுக்க இன்று சிறு சாக்லேட் தயாரிப்பாளர்கள் மெலாஞ்சர் என்று பயன்படுத்துவது இதன் வாரிசைத்தான். ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு தமிழ்த் தம்பதி தொடங்கிய கொக்கோடவுன் இந்தத் துறையில் பெயர் பெற்றது. கோவையிலிருந்தும் மெலாஞ்சர்கள் ஏற்றுமதியாகின்றன. தென்னைக்கு ஊடுபயிராகக் கொக்கோ விளையும் பொள்ளாச்சிப் பக்கம் சாக்லேட் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

மெலாஞ்சரின் விலை வீட்டுக் கிரைண்டரைவிடப் பல மடங்கு. அதைப் பற்றி யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை. சாக்லேட் அரைபட ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை நிற்காமல் ஓட வேண்டும். இட்லி மாவுக்கு அரை மணி, முக்கால் மணி போதும். அந்த வேலைக்காக மோட்டாரும் பேரிங்கும் பெல்ட்டும் கல்லைப் பிடித்திருக்கும் கையும் மாற்றப்பட்டன. எத்தனை மணி நேரம் தொடர்ந்து ஓடும், எத்தனை கிலோ போடலாம் என்று சொல்லியே விற்கிறார்கள். விலை ஏறியது, கூடவே வேலையும் ஏறியது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் கோவையால் இதை எழுதிக் கொடுக்க முடிகிறது என்றால், சூலூர் வாடிக்கையாளருக்கும் எழுதிக் கொடுக்க முடியும்.

மறுப்புகளுக்குப் பதில்

'அழகுக்குக் காசு கொடுப்பது வாங்குபவரின் உரிமை' என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். உண்மைதான். மகளுக்குச் சீர் கொடுக்கும் அம்மா, பார்ப்பவர் கண்ணுக்கு நிறைவாக இருக்க வேண்டும் என்று மெரூன் நிறத்தைத் தேர்ந்தெடுத்தால் அதில் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. கேள்வி உரிமையைப் பற்றியதல்ல, தகவலைப் பற்றியது. தெரிந்து கொடுத்தால் அது விருப்பம். மோட்டாரும் உசத்தி என்று நம்பிக் கொடுத்தால் அது ஏமாற்றம்.

தயாரிப்பாளர்கள் தரப்பில் இதைவிட வலுவான வாதம் ஒன்று உண்டு. மேல் ரகத்தில் கிடைக்கும் லாபம்தான் கீழ் ரகத்தைக் குறைந்த லாபத்தில் விற்க இடம் கொடுக்கிறது, எல்லா ரகத்தையும் ஒரே கணக்கில் வைத்தால் ஏழைக்கு எட்டும் விலையில் கிரைண்டரே இருக்காது என்பார்கள். பெரிய நிறுவனத்துக்கு இது பொருந்தும். ஆனால் ஒரே ஒரு மாடல் செய்யும் சிறு பட்டறைக்கு மேல் ரகமே இல்லை, எங்கிருந்து எடுத்து எங்கே ஈடுகட்டுவார்? தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதுவதால் எந்த ரகமும் செத்துப் போகாது. துருவியும் பிசையும் கையும் வேண்டுமென்பவர் அப்போதும் மேல் ரகத்தைத்தான் வாங்குவார்.

'வரியைக் குறைத்தால் எல்லாம் சரியாகும்' என்பது மூன்றாவது வாதம். வரியைக் குறைக்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. அரிசியையும் உளுந்தையும் அரைக்கும் கல்லை ஆடம்பரப் பொருள்போல் நடத்தக் கூடாது. ஆனால் 5 சதவிகிதம் இருந்த நாட்களிலும் பெரும்பாலான பெட்டிகளில் காயிலின் உலோகம் எழுதப்படவில்லை. வரி குறைந்தால் விலை குறையும், மறைப்பு தானாகக் குறையாது.

சிறு பட்டறைகளால் சோதனைச் செலவைத் தாங்க முடியாது என்பதுதான் கவனமாகக் கேட்க வேண்டிய மறுப்பு. ஒவ்வொரு மாடலுக்கும் சான்றிதழ் என்று மேலிருந்து ஓர் உத்தரவு வந்தால் பெரியவர்கள் தப்பிப்பார்கள், சிறியவர்கள் மூடிவிட்டுப் போவார்கள். இதனால்தான் டெல்லி உத்தரவுக்குக் காத்திராமல் கோவையே தனக்கான ஏற்பாட்டைச் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. பம்ப் செட்டுக்கும் மோட்டாருக்கும் சிறுதொழில்கள் கூடிச் சோதனை செய்துகொள்ள சிட்டார்க் போன்ற ஆய்வுக்கூடம் இந்த ஊரிலேயே இருக்கிறது. கிரைண்டருக்கும் அதே வழியில் போகலாம். அதோடு, காயில் செம்பா அலுமினியமா என்று எழுத எந்தச் சோதனையும் வேண்டாம். சுற்றியவருக்கே தெரியும்.

▣ பெட்டிச் செய்தி: எம்.ஆர்.பி. என்பது விலையல்ல
அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரிகளையும் உள்ளடக்கியது. 2011-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவு பொட்டலப் பொருள் விதிகள் அதை அச்சிடச் சொல்கின்றன. அது உச்சவரம்பு மட்டுமே. எம்.ஆர்.பி-யை உயர்த்தி அச்சிட்டுப் பாதிக்குப் பாதி தள்ளுபடி தருவதால் பொருள் உசத்தியாகிவிடாது. இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது தள்ளுபடி சதவிகிதத்தை விட்டுவிட்டு, கையில் கொடுக்கும் தொகையை மட்டும் ஒப்பிட வேண்டும்.

முத்திரையே முதல் படி ஆகட்டும்

செய்ய வேண்டியது கைக்கெட்டிய தூரத்தில்தான் இருக்கிறது. புவிசார் குறியீடு வாங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த முத்திரை இதுவரை பெருமைக்குத்தான் பயன்பட்டிருக்கிறது, கடையில் வாங்குபவருக்குப் பயன்படவில்லை. காஞ்சிபுரம் பட்டு வாங்குபவர் ஜரிகையைப் பற்றிக் கேட்கிறார், கிரைண்டர் வாங்குபவர் கல்லைப் பற்றிக் கேட்பதில்லை. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் மற்றும் உதிரிபாக உற்பத்தியாளர்கள் சங்கம் அந்த முத்திரையைக் கீழ்ப் படியின் தரமாக மாற்ற முடியும். முத்திரை போட்ட எந்தக் கிரைண்டரும், அது பேசிக் ரகமோ டீலக்ஸ் ரகமோ, ஐந்து விவரங்களைத் தமிழில் பெட்டி மேல் சொல்லியாக வேண்டும் என்று சங்கம் தனக்குத் தானே விதித்துக்கொள்ளட்டும்: காயிலின் உலோகம், டிரம்மின் எஃகுத் தரம், ஒரு முறைக்கு எவ்வளவு அரிசி, தொடர்ந்து எத்தனை நிமிடம், உதிரி பாகம் எத்தனை ஆண்டு. இதற்கு மேல் உள்ள படிகளில் நிறம், டைமர், துருவி என்று யார் எதை வேண்டுமானாலும் சேர்த்து எவ்வளவு வேண்டுமானாலும் விலை வைக்கட்டும். அப்போது நாலாயிரம் ரூபாய்க்குச் செம்பு போட்டு விற்கும் பட்டறைக்காரர், அலுமினியத்தை மறைத்து விற்பவரிடம் தோற்க மாட்டார்.

உதிரி பாக விஷயத்தில் மத்திய அரசும் ஒரு கதவைத் திறந்திருக்கிறது. பழுது பார்க்கும் உரிமைக்காக 2022-ல் குழு அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் ஓர் இணையவாசலையும் தொடங்கியது. வீட்டு உபயோகப் பொருள்களும் அதில் அடக்கம். புஷ், பெல்ட், பேரிங், கல் ஆகிய நான்கின் விலையையும் பாக எண்ணையும் கோவைத் தயாரிப்பாளர்கள் அங்கே வெளியிட்டால் ராமநாதபுரத்தில் இருப்பவரும் தன் கிரைண்டரை பக்கத்துத் தெருவில் சரிசெய்துகொள்வார். பெரிய சர்வீஸ் சென்டர் வலைப்பின்னல் இல்லாத சிறு பட்டறைக்கு இதைவிட மலிவான விளம்பரம் வேறில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடையில் நிறம் பார்ப்பதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: காயில் செம்பா? ஒரு தடவைக்கு எத்தனை படி அரிசி போடலாம்? நிறுத்தாமல் எத்தனை நிமிடம் ஓட்டலாம்? புஷ்ஷும் கல்லும் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை? மாவு அரைத்து விற்பவராக இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லி, வாரன்டி உண்டா என்று கேளுங்கள். பதிலை வாயால் வாங்காமல் பில்லில் எழுதி, கடை முத்திரையோடு வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கடையில் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வாங்காதீர்கள்.